தெர்மோஸ்டாட் பழுதானால்: வீட்டில் மாற்றுவதா, பட்டறையா, கம்பெனி சர்வீஸா?

கம்பத்திலிருந்து குமுளி இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். லோயர் கேம்ப் வரை சமதளம். அதற்குப் பிறகு, பெரியாற்றுத் தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தபடி இரண்டாம் கியரில் ஏற வேண்டிய மலைச்சாலை. சமவெளியில் ஓராண்டாக வெளியே தெரியாமல் கிடக்கும் இன்ஜின் சூட்டுக் கோளாறு, அந்த ஏற்றத்தில் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். சபரிமலைப் பருவத்தில் மலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்த ஏற்றத்திலும் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் கார்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது.

கார்த்திகை தொடங்கியதிலிருந்து நான்கு பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்துவிட்டார்கள். ஒருவர் ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர். ஒருவர் தேவிகுளத்தில் பணியாற்றும் ஆசிரியை. வாரம் ஒருமுறை போடிமெட்டு வழியாக வீட்டுக்கு வருகிறவர். மற்ற இருவர் பழைய டீசல் கார் வைத்திருக்கும் பக்கத்துத் தெருக்காரர்கள். நால்வரிடமும் மெக்கானிக் சொன்னது, “தெர்மோஸ்டாட் போய்விட்டது.” நால்வரின் குழப்பமும் ஒன்றுதான்: நாமே மாற்றிவிடலாமா, உள்ளூர்ப் பட்டறையில் விடலாமா, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோவதா? ஜீப்காரருக்கு மட்டும் நான்காவது வழி ஒன்றும் சொல்லப்பட்டிருந்தது: “கழற்றிவிட்டு ஓட்டுங்கள், நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?”

நான் மெக்கானிக் அல்லன். பன்னிரண்டு ஆண்டுகளாக டீசல் கார் ஓட்டுகிறேன். என் காரிலும் தம்பியின் காரிலுமாக இரண்டு தெர்மோஸ்டாட்டை வீட்டு வாசலில் மாற்றியிருக்கிறேன். பட்டறையில் ஒருமுறை, சர்வீஸ் சென்டரில் ஒருமுறை மாற்றிக்கொண்டதும் உண்டு. நான்கு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில்: திறந்து நின்றதா, மூடி நின்றதா?

இதற்குப் பதில் தெரியாமல் மேற்கொண்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. தெர்மோஸ்டாட் என்பது சூட்டில் திறக்கும் ஒரு கதவு. அதன் நடுவே உள்ள சிறு உலோகக் குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடேறும்போது மெழுகு உருகி விரிந்து, ஸ்பிரிங்கை அழுத்திக் கதவைத் திறக்கிறது. பெரும்பாலான டீசல் கார்களில் 82 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும். எத்தனை டிகிரி என்பதை அதன் உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். அந்தச் சூடு வரும்வரை கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். வந்த பிறகுதான் ரேடியேட்டருக்குப் போகும்.

பழுதானால் இரண்டில் ஒன்று நடக்கும். திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜினுக்குச் சூடே ஏறாது. டீசல் கூடுதலாகக் குடிக்கும். மூணாறு குளிரில் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வரும். மூடியபடியே நின்றுவிட்டால் கூலன்ட் கொதிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நம் மலைச்சாலையைவிட நல்ல பரிசோதனைக் கூடம் இல்லை. கியரில் விட்டு இறங்கும்போது டீசல் இன்ஜினுக்கு எரிபொருள் ஏறத்தாழ நின்றுபோகும், சூடும் பிறக்காது. தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பாற்றும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்குவதற்குள் சூட்டு முள் கீழே விழுந்துவிட்டால் அது திறந்தபடி நின்றிருக்கிறது. ஏறும்போது முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே போகிறது, ரேடியேட்டரின் மேல் குழாய் கொதிக்கிறது, கீழ்க் குழாய் மட்டும் குளிர்ந்து கிடக்கிறது என்றால் மூடியபடி நின்றிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அடைத்துப்போன ரேடியேட்டரும் இறக்கை தேய்ந்த வாட்டர் பம்ப்பும் இதே அறிகுறியைக் காட்டும். கூலன்ட் குறைவு, ஓடாத விசிறி, பழுதான சூட்டு சென்சார் ஆகிய மூன்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

சில கார்களில் முள்ளே கிடையாது; குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு, கொதிக்கும்போது சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் இருக்கும் கார்களிலும் பல, 75 டிகிரியிலும் நடுவில் நிற்கும், 100 டிகிரியிலும் நடுவில் நிற்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, கைப்பேசியில் உண்மையான சூட்டைக் காட்டும் சிறிய ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆசிரியையின் காரில் அதைச் செருகியபோது பி0128 என்ற குறியீடு நின்றது. கூலன்ட் எட்ட வேண்டிய சூட்டை எட்டவில்லை என்று பொருள். தேவிகுளத்திலிருந்து புறப்பட்டு நாற்பது நிமிடம் ஓடியும் அவர் கார் 62 டிகிரியைத் தாண்டவில்லை.

எதை வைத்து எடைபோடுவது?

பலரும் விலையில் தொடங்குகிறார்கள். விலை கடைசியில் வர வேண்டியது. நான் பார்க்கும் வரிசை இது.

எந்த நிலையில் நின்றது என்பது முதலாவது. திறந்து நின்றிருந்தால் உங்களுக்குச் சில வாரம் அவகாசம் உண்டு. நிதானமாகப் பாகம் வரவழைக்கலாம், விடுமுறை நாளில் செய்யலாம். மூடி நின்றிருந்தால் அவகாசமே இல்லை, வண்டியை அசைக்கக் கூடாது.

இரண்டாவது, அது எங்கே இருக்கிறது என்பது. பானெட்டைத் திறந்ததும் மேல் ரேடியேட்டர் குழாயைத் தொட்டுக்கொண்டே இன்ஜின் பக்கம் போங்கள். பெரும்பாலான கார்களில் அது சேரும் இடத்தில்தான் தெர்மோஸ்டாட் இருக்கும். சிலவற்றில் கீழ்க் குழாய்ப் பக்கம் இருக்கும். கை தாராளமாகப் போய்வந்தால் வீட்டு வேலை. பேட்டரியும் அதன் தட்டும் ஏர் பில்டர் பெட்டியும் கழன்றால்தான் கண்ணுக்கே தெரியும் என்றால் அரைநாள் வேலை. டர்போவுக்கோ, புகையில் ஒரு பகுதியை ஆறவைத்து இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் கூலருக்கோ அடியில் ஒளிந்திருந்தால் பட்டறை வேலை.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: ஏர் எடுப்பது. கூலன்ட்டை இறக்கி மீண்டும் ஊற்றும்போது உள்ளே காற்று அடைபடும். அந்தக் காற்று இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் போய் உட்கார்ந்தால், புது தெர்மோஸ்டாட் போட்ட பிறகும் வண்டி கொதிக்கும். யார் மாற்றினாலும் ஏர் எடுக்கும் பொறுமை அவருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, நீங்கள் போகும் பாதை. கம்பத்துக்கும் தேனிக்கும் மட்டும் போய்வருகிறவருக்கும், வாரம் இருமுறை புற்றடிக்கு ஏலக்காய் ஏலத்துக்குப் போகிறவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் குமுளியில் வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். 1,500 மீட்டரைத் தொடும் மூணாறில் 95-ல். ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் கூலன்ட்டின் கலவையும்தான் அந்தக் கொதிநிலையை மேலே தூக்கி வைத்திருக்கின்றன. மலை ஏறுகிற வண்டிக்கு இவற்றில் எதுவும் அரைகுறையாக இருக்கக் கூடாது.

அதன் பிறகுதான் பணமும் நாளும்.

வழி 1: வீட்டிலேயே மாற்றுவது

திறந்து நின்ற தெர்மோஸ்டாட், கைக்கு எட்டும் இடம், ஒரு முழுப் பகல் ஓய்வு. இந்த மூன்றும் சேர்ந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

என் காருக்கு ஆன செலவு: வெளிக்கூட்டோடு சேர்ந்த தெர்மோஸ்டாட் 1,450 ரூபாய், மூன்று லிட்டர் அடர் கூலன்ட் 900, ஐந்து லிட்டர் பேட்டரி தண்ணீர் 100, புது கிளிப்புகளும் ரப்பர் வளையமும் 120. மொத்தம் 2,570. கூலி இல்லை. ஆனால் கருவி இல்லாதவர் 10 மி.மீ. சாக்கெட், நீட்டுக் கம்பி, ராட்செட், கிளிப் பிடிக்கும் குறடு என்று முதல்முறை இன்னொரு 1,500 ரூபாயாவது செலவிட வேண்டியிருக்கும். அது போனால் போன பணம் அன்று; அடுத்த பத்தாண்டு வேலைக்கு ஆகும்.

வேலை இப்படிப் போகும். முந்தின இரவே வண்டியை நிறுத்திவிட வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பதைப் போன்ற ஆபத்து இந்த வேலையில் வேறு இல்லை; முகத்தில் அடிக்கும் கொதிநீர் கண்ணைப் பறித்துவிடும். சில கார்களில் சாவி எடுத்த பிறகும் விசிறி தானாக ஓடும், ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். அடியில் அகலத் தட்டு வைத்து, கீழ்க் குழாயைத் தளர்த்திக் கூலன்ட்டை இறக்குங்கள். அந்தத் திரவம் இனிக்கும், ஆனால் நஞ்சு. தெருநாயோ ஆட்டுக்குட்டியோ நக்கிவிட்டால் பிழைப்பது கடினம். சாக்கடையிலும் வாய்க்காலிலும் விடாமல் கேனில் பிடித்து மூடி, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பிறகு மேல் குழாயைக் கழற்ற வேண்டும். பழைய குழாய் இன்ஜினோடு ஒட்டிப்போயிருக்கும். இழுக்காமல், முறுக்கி அசைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் பிளாஸ்டிக் மூக்கு உடையும். வெளிக்கூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் சிறியவை, அலுமினியத்துக்குள் இறங்கியவை. ராட்செட்டைக் கட்டைவிரலும் இரண்டு விரலும் கொண்டு திருகும் வலு போதும். முழங்கையின் வலுவைக் காட்டினால் போல்ட் தலை கையோடு வந்துவிடும். அதன் பிறகு அது வீட்டு வேலையாக இருக்காது.

பழையதைக் கழற்றியதும் நான் செய்யும் ஒரு காரியத்தை நீங்களும் செய்யுங்கள். அதைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அறைச் சூட்டில் அது இறுக மூடியிருக்க வேண்டும். என் காரிலிருந்து வந்ததன் விளிம்பில் மூன்றாம்பிறை போல ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது. அவ்வளவு சிறிய இடுக்கு வழியாகத்தான் எட்டு மாதம் என் இன்ஜினின் சூடு கசிந்துகொண்டிருந்தது. லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 16-க்கு இறங்கியிருந்தது.

வெளிக்கூட்டிலிருந்து கழன்று வரும் வகையாக இருந்தால் இன்னொரு சோதனை, புதியதற்கும் சேர்த்து. இனிமேல் சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, இரண்டையும் நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிடுங்கள். கூடவே சூடு பார்க்கும் ஒரு தெர்மாமீட்டர். தம்பியின் காருக்கு வாங்கியதை அப்படித்தான் பார்த்தேன். 80 வரை ஒன்றும் நடக்கவில்லை. 87-ஐத் தொட்டபோது நடுத்தட்டு மெல்ல நகர்ந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டது. அடுப்பை அணைத்ததும் அதே நிதானத்தில் மூடிக்கொண்டது. பழையது கொதிக்கும் நீரிலும் அசையவே இல்லை. பெட்டிக்குள் புதிதாக இருப்பது நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டியதில்லை; போலிகள் நிறைய வருகின்றன. பூட்டுவதற்கு முன் இந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள்.

பூட்டும்போது மூன்று கவனம். தட்டில் சிறு துளையும் அதில் ஆடும் ஊசி போன்ற ஒன்றும் இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறுவதற்கான வழி அது. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். ரப்பர் வளையம் உள்ள இடத்தில் கேஸ்கட் பசையை அப்பக் கூடாது. பிதுங்கிக் காய்ந்த பசை உடைந்து போய் ரேடியேட்டரின் நுண்குழாயை அடைக்கும்.

கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி பேட்டரி தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றவே வேண்டாம். குடத்தின் அடியில் படியும் அந்த வெள்ளை உவர், இன்ஜினின் நீர்ப்பாதையிலும் படியும். முன்பு இருந்த கூலன்ட் எந்த வகை என்று வாகனக் கையேட்டில் பார்த்து அதே வகையை ஊற்றுங்கள். நிறத்தை மட்டும் நம்பிக் கலந்தால் சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்து களிபோல் திரண்டுவிடும்.

ஏர் எடுப்பதற்கு மலையடிவாரத்துக்காரர்களான நமக்கு இயற்கையே உதவுகிறது. ரேடியேட்டர் வாய் மேலே இருக்கும்படி முன்பக்கம் உயர்ந்த சரிவில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். குழாயில் காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், குமிழி இல்லாமல் கூலன்ட் ஒழுகும்வரை திறந்து வைத்து ஊற்றி, பிறகு மூடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு மேல் குழாயைத் தொட்டுக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து, திடீரென்று சுடும். கதவு திறந்த கணம் அது. விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகர வேண்டாம்.

மறைவுச் செலவு: கழற்றிய பிறகு உடைந்த ஒரு பிளாஸ்டிக் மூக்குக்காக நீங்கள் தேனிக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும். வண்டி வாசலில் பிரித்தபடி கிடக்கும். மறுநாள் காலை அவசரமாக மதுரை போக வேண்டியவர் இதைத் தொடக் கூடாது. வண்டி ஒருமுறையாவது கொதித்து நின்றிருந்தாலும் தொடக் கூடாது. ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டில் வசதி கிடையாது.

வழி 2: உள்ளூர்ப் பட்டறை

பெரும்பாலானோருக்கு இதுதான் சரியான வழி. பாகம் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் கூலி 600 முதல் 800 ரூபாய். இரண்டு மணி நேரத்தில் வண்டி கைக்கு வந்துவிடும். போல்ட் உடைந்தால் எடுக்க அவரிடம் கருவி இருக்கிறது. குழாய் கிழிந்தால் பக்கத்துக் கடையில் பையன் ஓடிப்போய் வாங்கி வந்துவிடுவான். ஆயிரம் வண்டி பார்த்த கை, குழாயைத் தொட்ட மாத்திரத்தில் இது தெர்மோஸ்டாட் இல்லை, வாட்டர் பம்ப் என்று சொல்லிவிடும். அந்த ஒரு சொல்லுக்கே கூலியைக் கொடுக்கலாம்.

இதன் மறைவுச் செலவு அவசரத்தில் இருக்கிறது. சீசன் நாளில் வாசலில் ஐந்து வண்டி காத்திருக்க, ஏர் எடுக்க யாரும் முக்கால் மணி நேரம் நிற்பதில்லை. ஒருமுறை நான் விட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, “கொஞ்சம் ஓட்டினால் சரியாகிவிடும் சார்” என்று அனுப்பிவிட்டார்கள். கூடலூர் தாண்டுவதற்குள் முள் மேலே ஏறத் தொடங்கியது. நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டு லிட்டர் ஊற்றிய பிறகுதான் அடங்கியது. அதற்குப் பிறகு எந்தப் பட்டறைக்குப் போனாலும் கூலன்ட்டும் பேட்டரி தண்ணீரும் நானே வாங்கிப்போகிறேன். “அண்ணே, ஏர் எடுக்கும்வரை நான் இங்கேயே இருக்கிறேன், எனக்கு அவசரமில்லை” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மெக்கானிக் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

மூடியபடி நின்ற தெர்மோஸ்டாட்டுக்கு இந்த வழிதான். ஆனால் வண்டி ஓடிப்போகக் கூடாது, மெக்கானிக் வண்டியிடம் வர வேண்டும். அல்லது கட்டி இழுத்துப் போக வேண்டும். “இரண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டிப்போவதில்தான் ஹெட் வளைகிறது. அலுமினிய ஹெட் கொதிப்பைத் தாங்காது. ஹெட்டைக் கழற்றி, லேத்தில் மட்டம் செய்து, புது கேஸ்கட் போட்டு, டைமிங் செட்டோடு பூட்டினால் இருபதாயிரம் சாதாரணமாகத் தாண்டும். இயந்திரக் கோளாறை வாகனக் காப்பீடு பொதுவாக ஏற்றுக்கொள்ளாது. அந்தப் பணம் முழுக்க நம் கையிலிருந்துதான் போகும்.

வழி 3: கம்பெனி சர்வீஸ் சென்டர்

நம் பக்கத்தில் பெரும்பாலான கம்பெனிகளுக்குத் தேனியும் மதுரையும். மலைக்கு மேலே இருப்பவர்களுக்குக் கட்டப்பனையும் தொடுபுழாவும். அங்கே மாற்றியபோது எனக்கு 5,300 ரூபாய் ஆனது. பாகம் ஒன்றுதான் என்றாலும் கூலன்ட் முழுதாகப் புதிது, ஸ்கேன் கட்டணம் தனி, கூலிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. பாதி நாள் விடுப்பும் போக்குவரத்தும் தனிக் கணக்கு.

பணம் கூடுதலானாலும் இரண்டு பேருக்கு இதையே சொல்வேன். வாரன்டி இருக்கும் கார்க்காரர் ஒருவர். அவர் வேறு எங்கும் கைவைக்க விடக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார்க்காரர் மற்றவர். அந்தக் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. இன்ஜின் போதிய சூட்டுக்கு வந்தால்தான் அது சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தெர்மோஸ்டாட் திறந்து நின்றபடி மாதக்கணக்கில் ஓடியிருந்தால் அந்த வடிகட்டியின் நிலையையும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். சில கார்களில் தெர்மோஸ்டாட்டே மின்சாரத்தால் கட்டுப்படுத்தப்படுகிறது. வெந்நீர்ப் பாத்திரச் சோதனை அதற்குச் சரிவராது. இழுவைக் குழாய் வைத்து உள்ளே வெற்றிடம் உண்டாக்கிக் கூலன்ட்டை நிரப்பும் கருவியும் பல சென்டர்களில் உண்டு. அப்படி நிரப்பினால் காற்று அடைபடாது.

பழைய கார்க்காரர்கள் அங்கே போவதாக இருந்தால், வேலை தொடங்குவதற்கு முன்னால் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். குழாய்த் தொகுதி, வாட்டர் பம்ப், பெல்ட் என்று பட்டியல் நீளும்போது, எது இன்றே தேவை, எது அடுத்த சர்வீஸுக்கு என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கழற்றிவிட்டு ஓட்டுவது

ஜீப்காரருக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: வேண்டாம். செலவில்லை, கொதிக்காது என்று சொல்வார்கள். கொதிக்காது என்பதும் எல்லா வண்டிக்கும் உண்மையில்லை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே மறுமுனையிலுள்ள இன்னொரு தட்டு, இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குப் பாதையை மூடும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்குப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். சமவெளியில் தெரியாது, பதினேழு கொண்டை ஊசி வளைவு போடிமெட்டில், பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது தெரியும்.

குளிர்ந்த டீசல் இன்ஜின் எரிபொருளை முழுதாக எரிக்காது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், இன்ஜின் தேயும். விடியற்காலை நான்கு மணிக்குக் குளிரில் ஸ்டார்ட் செய்து உடனே ஏற்றத்தில் விடுகிற வண்டிக்கு இது கண்ணுக்குத் தெரியாத அரிப்பு. வழியில் தெர்மோஸ்டாட் மூடி நின்றுவிட்டது, வீடு சேர வேறு வழியே இல்லை என்ற நிலையில், ஆறவைத்துக் கழற்றி ஒரு நாள் ஓட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் கூடாது.

ஒரே பார்வையில்

| | வீட்டில் | உள்ளூர்ப் பட்டறை | சர்வீஸ் சென்டர் |
|---|---|---|---|
| என் செலவு, வாங்கிய விலை | 2,570 ரூபாய், கருவி தனி | 3,200 முதல் 3,400 ரூபாய் | 5,300 ரூபாய் |
| நேரம் | ஒரு பகல் | இரண்டு மூன்று மணி | பாதி நாள், பயணம் தனி |
| ஏர் எடுப்பது | உங்கள் பொறுமை | கூட இருந்து பார்க்க வேண்டும் | கருவி இருந்தால் நன்றாக நடக்கும் |
| திறந்து நின்றால் | பொருந்தும் | பொருந்தும் | பொருந்தும் |
| மூடி நின்றால், கொதித்திருந்தால் | வேண்டாம் | பொருந்தும் | இழுத்துப் போக வசதி இருந்தால் |
| பிஎஸ்-6, வாரன்டி | வேண்டாம் | வேண்டாம் | இதுதான் |
| பயப்பட வேண்டியது | உடையும் போல்ட் | குழாய்த் தண்ணீர், அவசரம் | நீளும் பட்டியல் |

நான்கு பேரில் ஆசிரியையின் காரைக் கட்டப்பனை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். வாரன்டி இன்னும் ஓராண்டு இருந்தது. ஜீப் கூடலூர்ப் பட்டறையில் புது தெர்மோஸ்டாட்டோடு வெளியே வந்தது. ஏர் எடுத்து முடிக்கும்வரை அவரே பக்கத்தில் நின்றாராம். பக்கத்துத் தெருக்காரர்களில் ஒருவரின் கார் ஏற்கெனவே இரண்டு முறை கொதித்திருந்தது. கூலன்ட் தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்ததால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றியிருந்தால் அந்தப் பணம் வீண். மற்றவரின் காரை வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் மாற்றப்போகிறோம்.

எந்த வழியில் மாற்றினாலும் உடனே மலை ஏற வேண்டாம். முதலில் கம்பம் புறவழியில் பத்து கிலோமீட்டர் ஓட்டி, ஆறவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள். ஒரு விரற்கடை குறைந்திருந்தால் அடைபட்டிருந்த காற்று வெளியேறியிருக்கிறது. அதே கலவையை ஊற்றி நிரப்பிவிட்டுக் குமுளி ஏறலாம். மூன்றாம் நாளும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. வெளிக்கூட்டின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமோ, காய்ந்த வெள்ளைத் தடமோ இருந்தால் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை.